உடையும் இடம்: கையடக்கப் பாட்டுப்பெட்டியின் கதை

கையில் எடுத்துச் செல்லும் பாட்டுப்பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அதன் உறுதியான பாகங்கள் தீர்மானிப்பதில்லை. முதலில் பழுதாகும் பாகம் எதுவோ அதுதான் தீர்மானிக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அந்தப் பாகம் பலமுறை இடம் மாறியிருக்கிறது. சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோனில் அது சுருள்வில்லும் உலோக வார்ப்பும். கேசட் காலத்தில் ரப்பர் பெல்ட். குறுந்தகட்டுக் காலத்தில் லேசர். பிறகு வன்தட்டு, இன்று பெரும்பாலும் பேட்டரி. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் முந்தையதன் குறையைத் தீர்த்துவிட்டு, தனக்கென ஒரு புதிய குறையோடு சந்தைக்கு வந்தது. அதனால் நீடித்து உழைக்கும் கருவியைத் தேடுபவர் பார்க்க வேண்டிய இடமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

எடுத்துச் செல்லும் கிராமபோன்களில் முதலில் பெரும் பெயர் பெற்றவற்றுள் ஒன்று, லண்டனின் பார்னெட் சாமுவேல் நிறுவனம் 1914இல் கொண்டுவந்த டெக்கா. அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் படைவீரர்கள் பதுங்குகுழிகள் வரை டெக்காவைச் சுமந்து சென்றார்கள். மூடினால் கைப்பெட்டி, திறந்தால் பாட்டுப்பெட்டி என்ற அந்த அமைப்பைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. அவற்றுள் மிகவும் செம்மையானது எச்.எம்.வி. 1931இல் வெளியிட்ட 102 என்ற மாதிரி. அது 1950களின் பிற்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது.

இந்தக் கருவிக்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் எஃகுச் சுருள்வில் இறுகும். அது மெல்லத் தளரும்போது பல்சக்கரங்கள் வழியாக இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். தேய்ந்த முள் தட்டின் தடத்தை அறுத்துவிடும். தட்டுகள் அரக்கால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. 1908இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை தொடங்கியபின் தட்டுகளும் இந்தியாவிலேயே அச்சாயின. கைதவறி விழுந்தால் அரக்குத் தட்டு உடையும். எடுத்துச் செல்லும் பெட்டியில் அதைச் சுமப்பது எப்போதும் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலையாகவே இருந்தது.

பெட்டியில் பழுதாகும் இடங்கள் மூன்று. வில் அறுந்துபோகும், அல்லது அதற்கு இட்ட கிரீஸ் இறுகி ஓட்டம் தடைப்படும். முள்ளைத் தாங்கும் ஒலிப்பெட்டியில் உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டித்துப்போய்க் குரல் கரகரக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள்ளேயே உப்பி விரிசல் விடும். முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை. திருகாணிகளைக் கழற்றினால் முழு இயந்திரமும் கண்முன் வந்துவிடும். வில்லை மாற்றலாம், வளையத்தை மாற்றலாம், பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடலாம். வார்ப்பு விரிசல் மட்டுமே தீராத நோய். தொண்ணூறு ஆண்டு வயதான 102 பெட்டிகள் இன்றும் பாடுகின்றன என்றால், அவை பழுதே ஆகாதவை என்பதல்ல காரணம். பழுதான பாகத்தைத் தனியே எடுத்து மாற்ற முடிந்ததுதான் காரணம்.

1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி டி.ஆர்-1, நான்கு டிரான்சிஸ்டர்களோடு சட்டைப்பைக்குள் அடங்கிய வானொலி. அதில் நகரும் பாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எனவே தேய்மானமும் குறைவு. ஆனால் அது நிலையம் ஒலிபரப்பியதை மட்டுமே பாடியது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்க, பாட்டைப் பதித்துவைக்கும் பொருள் ஒன்று பைக்குள் வர வேண்டியிருந்தது.

அதைக் கொண்டுவந்தது கேசட். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 1963 ஆகஸ்டில் பெர்லின் கண்காட்சியில் அது மக்கள் முன் வைக்கப்பட்டது. ஓட்டன்ஸ் முதலில் தன் கோட்டுப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டிவைத்துக்கொண்டு, கருவி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று வேலையைத் தொடங்கினார். பிலிப்ஸ் இந்த வடிவத்தைக் கட்டணமின்றிப் பிற நிறுவனங்களும் தயாரிக்க விட்டது. எந்த நாட்டில் செய்த கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும் என்ற நிலை அதனால்தான் வந்தது. உழைப்பு என்ற நோக்கில் பார்த்தால் கேசட்டின் வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை.

கேசட்டுக்குள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது நகரும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது கேப்ஸ்டன் என்ற மெல்லிய எஃகு அச்சு. அதன்மேல் ஒரு ரப்பர் உருளை அழுந்தி, நடுவில் நாடாவைப் பிடித்து இழுக்கிறது. இழுத்து வந்த நாடாவை வலப்பக்கச் சக்கரம் சுற்றிக்கொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்து அந்தச் சக்கரம் நின்றுவிட்டால் கேப்ஸ்டன் மட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத நாடா ரப்பர் உருளையைச் சுற்றிக்கொள்ளும். டேப் சிக்கிக்கொண்டது என்று வீடுதோறும் சொல்லப்பட்ட விபத்து பெரும்பாலும் இதுதான். கேசட்டைக் குறைசொன்னவர்கள் ஏராளம். பல நேரம் குற்றவாளி கருவிக்குள் இருந்த பெல்ட்.

கேசட்டிலும் தேர்வு இருந்தது. அறுபது நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், தொண்ணூறு நிமிட நாடா 12, நூற்றிருபது நிமிட நாடா 9. மெல்லிய நாடா எளிதில் இழுபட்டு நீளும், எளிதில் சிக்கும். நெடுநாள் வைத்துக் கேட்க வேண்டிய பாட்டை அறுபதில் பதிந்தவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். கேசட்டின் உறையும் இரண்டு வகை. ஒன்று உருக்கி ஒட்டியது, மற்றது ஐந்து திருகாணிகளால் பூட்டியது. திருகாணி வகையைத் திறந்து அறுந்த நாடாவை ஒட்டலாம், உள்ளே இருக்கும் அழுத்துப் பஞ்சை மாற்றலாம். ஒட்டிய வகையை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் டி.பி.எஸ்-எல்2 என்ற முதல் வாக்மேனை 33,000 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தியாளர்கள் பயன்படுத்திய பிரஸ்மேன் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, ஸ்டீரியோ சுற்றையும் இலேசான ஹெட்போனையும் சேர்த்ததே அது. பதிவு செய்யத் தெரியாத கருவியை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. தலைவர் அகியோ மொரிட்டா உறுதியாக நின்றார். முதலில் செய்த 30,000 கருவிகளும் ஆகஸ்டு முடிவதற்குள் தீர்ந்தன. உலோக உடல், இரண்டு பென்சில் செல், இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். செல்லை எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பதை அன்று யாரும் ஒரு சிறப்பாகச் சொல்லவில்லை. பிறகு வந்ததைப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

அதன்பின் கருவி சிறுத்துக்கொண்டே போனது. 1983இல் வந்த டபிள்யூ.எம்-20, கேசட்டை வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி அளவே இருந்தது. 1980களின் நடுவில் சூயிங்கம் பட்டை வடிவிலான ரீசார்ஜ் பேட்டரி வந்து தடிமனை இன்னும் குறைத்தது. அந்தப் பேட்டரியின் உற்பத்தி குறைந்தபோது, நல்ல நிலையில் இருந்த கருவிகளும் செயலற்றுப்போயின. மெலிவுக்காகப் பொதுவான செல்லைக் கைவிட்ட முதல் பெரிய திருப்பம் இது.

பெல்ட்டின் பலவீனத்தைப் பொறியாளர்களும் அறிந்தே இருந்தார்கள். 1982இல் வந்த டபிள்யூ.எம்-டிடி வரிசை, கேப்ஸ்டனை ஓட்டும் பெல்ட்டை அறவே நீக்கியது. மோட்டாரே தட்டு ஒன்றை உருட்டி ஓட்டியது. கையில் குலுக்கினாலும் வேகம் பிசகாது. கேட்பவர்கள் இன்றும் அதன் நிதானத்தைப் பாராட்டுகிறார்கள். ஆனால் அந்த வரிசையின் நடுவில் இருந்த ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாக ஆகக் கீறல் விட்டது. கீறிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக் என்று ஒலிக்கும். பெல்ட்டிலிருந்து தப்பிய கருவி பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. 1983இல் மஞ்சள் நிறத்தில் வந்த ஸ்போர்ட்ஸ் வாக்மேன் வேறு வழியில் போனது. தடித்த பிளாஸ்டிக் உடல், மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், நீர் தெறித்தாலும் தாங்கும் பொத்தான்கள். ஓடுபவர்களும் கடற்கரைக்குப் போகிறவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். உழைப்பையே விளம்பரமாகச் சொல்லி விற்ற முதல் பாட்டுப்பெட்டிகளுள் அது ஒன்று.

தமிழ்நாட்டில் வாக்மேன் முதலில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில்தான் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில் மற்றொரு வாசல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் அமைந்த கடைத்தெரு அது. உத்தரவாதச் சீட்டு இல்லாமல் வாங்கும் பொருளில் ஆயுளை எப்படிக் கணிப்பது? கையில் எடை பார்த்தார்கள். மேட் இன் ஜப்பான் என்ற எழுத்தைத் தேடினார்கள். தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, நீண்ட ஸ்வரம் நடுங்காமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டார்கள். கடைசிச் சோதனை உண்மையிலேயே நல்ல சோதனை. பெல்ட் தளர்ந்திருந்தாலும் ரப்பர் உருளை தேய்ந்திருந்தாலும் வயலினோ புல்லாங்குழலோ இழுக்கும் ஒரே ஸ்வரத்தில் அது தெரிந்துவிடும்.

பழுது பார்க்கும் உலகம் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவிலும், ஊர்தோறும் இருந்த ரேடியோ பட்டறைகளிலும் இயங்கியது. பெல்ட் மாற்றும் வேலையில் பாதி நேரம் துடைப்பதிலேயே போகும். வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பழைய பெல்ட் சில கருவிகளில் கறுப்புப் பசையாகவே உருகிச் சக்கரங்களில் அப்பிக்கொண்டிருக்கும். அதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வழித்தெடுத்தபின்தான் புதியது ஏறும். பெல்ட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும், கொஞ்சம் தளர்வாக இருந்தால் பாட்டு ஆடும். கையோடு நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் துடைத்து, ரப்பர் உருளையையும் சுத்தம்செய்து கொடுப்பார்கள். கருவியை உருவாக்கிய நாட்டில் யாரும் எண்ணிப் பார்த்திராத ஆயுளை இந்தப் பட்டறைகள் அதற்குத் தந்தன.

யாழ்ப்பாணத்தில் உழைப்பு பற்றிய கேள்வி வேறு விதமாக எழுந்தது. 1990இல் இலங்கைப் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, விளக்குக்கான டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் மக்கள் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்ட நாட்கள் அவை. பொதுவான செல்லில் ஓடும் எளிய சுற்று என்பதால்தான் வெளியிலிருந்து வந்த அந்த மின்சாரத்தை அந்தக் கருவிகள் ஏற்றன. உறுதி என்ற சொல்லுக்கு இதைவிடக் கடுமையான சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்ததில்லை.

1984 நவம்பரில் சோனி கொண்டுவந்த டி-50, கையடக்கக் குறுந்தகட்டுக் கருவிகளின் தொடக்கம். தகட்டை எதுவும் தொடுவதில்லை. ஒளிக்கற்றை மட்டுமே படுகிறது. எனவே பாட்டு தேய்வதே இல்லை என்றார்கள். தகட்டைப் பொறுத்தவரை அது சரி. கருவியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. குறுந்தகட்டின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று வரை சுழலும் தகட்டில் அந்தத் தடத்தை விட்டு விலகாமல் லென்ஸ் பின்தொடர வேண்டும். நடந்தால் பாட்டு தாவியது. பேருந்தில் கேட்கவே முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் இதற்கு விடை வந்தது. தகட்டை வேகமாகச் சுழற்றி, முன்கூட்டியே சில நொடிப் பாட்டை நினைவகச் சில்லில் சேர்த்துவைத்துக்கொள்வது. மூன்று நொடியில் தொடங்கிய இந்தச் சேமிப்பு பத்து, நாற்பது என்று வளர்ந்தது. தாவுவது நின்றது. லென்ஸில் படியும் தூசியும் லேசரின் மங்கலும் நிற்கவில்லை. பெல்ட்டைப்போல லேசரைத் தெருமுனைப் பட்டறையில் மாற்றிவிட முடியாது. அதே மாதிரிக்கான உதிரிப் பாகம் கிடைத்தால்தான் உண்டு.

உழைப்பில் இன்னும் உயர்ந்த ஒன்று 1992இல் வந்தது. மினிடிஸ்க் என்ற 64 மில்லிமீட்டர் தகடு, உறைக்குள்ளேயே பிறந்து உறைக்குள்ளேயே வாழ்ந்தது. விரல்படாது, கீறல் விழாது. லேசரால் சூடாக்கிக் காந்தத்தால் எழுதும் முறை என்பதால் மேசைமேல் கிடக்கும் சாதாரணக் காந்தம் அதை அழிக்காது. முதல் கருவியிலேயே பத்து நொடிச் சேமிப்பும் இருந்தது. பதிவு ஊடகங்களில் இத்தனை உறுதியானது அரிது. இருந்தும் ஜப்பானுக்கு வெளியே அது பரவலாக வேரூன்றவில்லை. 2013இல் சோனி கருவித் தயாரிப்பை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் வெற்றுத் தகடுகளும் நின்றன. உடல் உறுதியாக இருந்தால் மட்டும் ஒரு கருவி நீடிக்காது, அதன் வடிவத்தைப் பலரும் கைக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு மினிடிஸ்க்கே வலுவான சான்று.

நகரும் பாகமே இல்லாத பாட்டுப்பெட்டிக்கு இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. ஒன்று, ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிரான்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய எம்பி3 சுருக்கமுறை. மற்றொன்று, தோஷிபாவில் புஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த பிளாஷ் நினைவகம். இரண்டும் 1998இல் சேர்ந்தன. தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் எஃப்10 கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் ரியோ பி.எம்.பி.300 வந்தது. ரியோவில் 32 மெகாபைட், ஏறத்தாழ அரைமணி நேரப் பாட்டு, ஒரே ஒரு பென்சில் செல். இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002இல் வந்த கிரியேட்டிவ் மூவோ இன்னும் எளியது. கணினியில் நேரே செருகும் ஒரு துண்டு. அதன் மறுபாதியில் சிறிய பென்சில் செல். இந்தத் தலைமுறைக் கருவிகள் கையிலிருந்து விழுந்தால் எடுத்துத் துடைத்துவிட்டுப் பாட்டைத் தொடரலாம். பாட்டைக் கேட்பதால் பிளாஷ் சில்லு தேய்வதும் இல்லை. எழுதும்போதுதான் தேயும், பாட்டுப்பெட்டியிலோ எழுதுவது அபூர்வம்.

ஆனால் பிளாஷ் அன்று விலை மிகுந்தது. ஆயிரம் பாட்டு வேண்டுமானால் கணினியின் வன்தட்டைப் பைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபாடில் தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டு, ஐந்து கிகாபைட் கொள்ளளவோடு இருந்தது. விலை 399 டாலர். சுழலும் தட்டின்மேல் மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் மிதக்கும் முனை, நடுவில் ஒரு குலுக்கலில் தட்டைத் தொட்டால் எல்லாம் போயிற்று. இதற்குத் தந்த தீர்வு அழகானது. 32 மெகாபைட் நினைவகத்தில் இருபது நிமிடப் பாட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டுத் தட்டு தூங்கிவிடும். கருவி குலுங்கும் நேரத்தில் பெரும்பகுதி தட்டு ஓய்விலேயே இருக்கும்; மின்சாரமும் மிச்சம்.

வன்தட்டைவிட முன்னதாகவே பலரது ஐபாடில் பழுதானது வேறொன்று. மூடிய உடலுக்குள் வைத்த லித்தியம் பேட்டரி. சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் இந்த வகை பேட்டரியின் கொள்ளளவு கண்கூடாகக் குறையும். வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த நைஸ்டாட் சகோதரர்கள், பேட்டரி மாற்றித்தர வழியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு குறும்படம் எடுத்து ஐபாட் விளம்பரச் சுவரொட்டிகள்மேல் எச்சரிக்கை எழுதினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பேட்டரி மாற்றும் சேவை 99 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. பயனர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. அவர்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. சில ரூபாய் செல்லை மாற்றினால் ஓடிய கருவியின் இடத்தில், பேட்டரியோடு சேர்த்து முழுக் கருவியையும் தூக்கி எறியச் சொல்லும் கருவி வந்திருந்தது.

2005 செப்டம்பரில் வந்த ஐபாட் நானோ வன்தட்டை விட்டுப் பிளாஷுக்கு மாறியது. உள்ளே அதிர்ச்சி தாங்கியது. வெளியே திரை எளிதில் கீறியது. அதன் முதல் தலைமுறைக் கருவிகளின் பேட்டரி அரிதாகச் சூடேறக்கூடும் என்று 2011இல் அவை திரும்பப் பெறப்பட்டன. பெரிய வன்தட்டோடு கடைசிவரை நின்ற ஐபாட் கிளாசிக் 2014இல் நின்றது. உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காரணம் சொன்னது.

கதை அங்கே முடியவில்லை. ஆர்வலர்கள் பழைய ஐபாடைத் திறந்து, வன்தட்டை எடுத்துவிட்டு, மெமரி கார்டுகளைத் தாங்கும் சிறிய மாற்றுப் பலகையை வைக்கத் தொடங்கினார்கள். தட்டு போன இடத்தில் பெரிய பேட்டரிக்கு இடம் கிடைத்தது. 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடின் முகப்பு பிளாஸ்டிக். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை விளிம்பில் நுழைத்து நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். அடுத்து வந்த கிளாசிக்கின் முகப்பு உலோகம்; இறுக்கமான கொக்கிகள். திறக்கும்போது உடல் வளைந்துவிடும், மறுபடி நேராக்குவது கடினம். பார்வைக்கு உறுதியாகத் தெரிவது உலோக முகப்புதான். இன்று ஆர்வலர்கள் விரும்பித் தேடுவதோ பெரும்பாலும் பிளாஸ்டிக் முகப்புடைய ஐந்தாம் தலைமுறையை.

மென்பொருளும் உடையும் இடமாயிற்று. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்டின் ஜூன் (Zune) என்ற 30 கிகாபைட் பாட்டுப்பெட்டிகள் ஒரே நாளில் உறைந்து நின்றன. லீப் ஆண்டின் 366ஆவது நாளைக் கையாளத் தெரியாமல் நேரக் கணக்கு நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி முழுதும் தீர்ந்து, மறுநாள் மீண்டும் ஏற்றியபின் கருவிகள் உயிர்பெற்றன. பூட்டிட்ட கோப்புகளை விற்ற கடைகள் மூடியபோது பாட்டுகளே கைவிட்டுப்போயின. இதற்கு எதிர்த்திசையில் நின்றது 2001இல் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். நிறுவனங்கள் கைவிட்ட பல கருவிகளில் அது இன்றும் இயங்குகிறது. 2009இல் வந்த சான்டிஸ்க் கிளிப் பிளஸ் போன்ற தீப்பெட்டி அளவுக் கருவிகள், மைக்ரோ எஸ்டி கார்டு நுழைக்கும் இடமும் ராக்பாக்ஸும் இருந்ததால் விற்பனை நின்றபின்னும் தேடி வாங்கப்பட்டன.

கைபேசி இவை அனைத்தையும் விழுங்கிய காலத்தில் இந்தியச் சிற்றூர்களில் வேறொரு கருவி பரவியது. கைபேசிக் கடையில் காசு கொடுத்தால் மெமரி கார்டில் இளையராஜா பாட்டோ பக்திப் பாட்டோ ஏற்றித் தருவார்கள். அதைச் செருகிக் கேட்க எஃப்.எம்., யு.எஸ்.பி. வசதியோடு மலிவான சீனப் பெட்டி ஒன்று இருந்தது. இவற்றில் பலவற்றுக்கு உயிர் தந்தது நோக்கியா கைபேசிக்காகச் செய்த பி.எல்-5சி பேட்டரி. கோடிக்கணக்கான கைபேசிகளில் இருந்ததால் அது எல்லா ஊர்களிலும் கிடைத்தது. பலரும் நகல் செய்தார்கள். பின்மூடியை விரலால் தள்ளி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. யாரும் திட்டமிடாமலே ஒரு பொதுச் செல் மீண்டும் உருவாகிவிட்டது. பெட்டியின் பிளாஸ்டிக் மட்டமானது, ஒலி சுமார். ஆனால் பேட்டரி போனதற்காக அந்தப் பெட்டியைக் குப்பையில் போட வேண்டியிருக்கவில்லை. பல ஆயிரம் ரூபாய்க் கருவிகள் தராத வசதி இது. 2017இல் சரிகம நிறுவனம் ஐயாயிரம் பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றிக் கொண்டுவந்த கார்வான் பெட்டிக்குத் தமிழ்ப் பதிப்பும் வந்தது. பாட்டு ஏற்றும் வேலையே வேண்டாம் என்ற முதியவர்களை அது எட்டியது.

கேசட் கருவியும் மீண்டும் தயாரிப்புக்கு வந்திருக்கிறது. சோனி 2010இல் ஜப்பானில் கேசட் வாக்மேனை நிறுத்தியபின், துல்லியமான இயக்க அமைப்புகளைச் செய்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இன்று விற்கும் புதிய கருவிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஜப்பானின் தனாஷின் அமைப்பைப் பார்த்துச் சீனாவில் செய்த எளிய நகல். அதில் பெல்ட்டும் இருக்கிறது. பலவற்றில் உள்ளேயே அடைத்த லித்தியம் பேட்டரியும் சேர்ந்திருக்கிறது. பழைய காலத்துப் பலவீனமும் புதிய காலத்துப் பலவீனமும் ஒரே பெட்டிக்குள் கூடியிருப்பதால், வாங்குபவர் இரண்டையும் மாற்ற முடியுமா என்று பார்த்தாக வேண்டும்.

நீரும் தூசும் தாங்கும் தன்மைக்கு இப்போது சர்வதேச அளவுகோல் உண்டு. ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். கருவி புதிதாக இருக்கும்போது எடுத்த சோதனை அது. ரப்பர் வளையம் வயதாகிக் கெட்டித்தபின் அந்த எண்ணுக்கு உறுதி இல்லை.

உடையும் இடம் பேட்டரியில் வந்து நின்றபின் சட்டமும் அதைக் கவனித்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பேட்டரி விதிமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே எடுத்து மாற்றும்படி அமைக்க வேண்டும். முக்கியமாக நீர்ச்சூழலில் இயங்கவென்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அவற்றின் பேட்டரியைத் தொழில் தெரிந்த பழுதுபார்ப்பவர் மாற்ற முடிந்தால் போதும்.